கோள்சொல்லி

சுவாமிநாதனின் காதைப் பற்றி அவர் மனைவி நீரஜாவிடம் கேட்டால், ஒரு பாட்டம் அழுதுவிட்டுத்தான் பதில் சொல்வாள். குக்கர் கத்திக் கத்தி ஓய்ந்தாலும் அந்தக் காதில் விழாது. வாசல் மணி விழாது. மயிலாப்பூரையே தோண்டிப் போட்டிருக்கும் மெட்ரோக்காரர்களின் துளை இயந்திரம்கூட "அப்படியா, சத்தமா இருக்கா?" என்கிற அளவில்தான் விழும். ஆனால் கிராமபோனில் பாடுகிறவர் சொல்லும் ஒரு 'ச' கொஞ்சம் குழைந்து வந்துவிட்டால் போதும், மனிதர் சோற்றுக் கையோடு எழுந்து போய்விடுவார்.

பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். அவன் ஊருக்கு வந்தால் படுக்க என்று ஓர் அறையை வைத்திருந்தார்கள். இப்போது அவன் வந்தால் ஹாலில்தான் படுக்க வேண்டும். அறை முழுக்கக் கிராமபோன் சாமான். நல்ல வேளையாகப் பெட்டி ஒன்றுதான். மற்றதெல்லாம் சவுண்டு பாக்ஸ்.

கிராமபோனைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. அதன் வளைந்த கையின் நுனியில் வட்டமாக ஒரு சின்ன டப்பா இருக்கும். சவுண்டு பாக்ஸ் என்பது அதுதான். ஊசியைச் செருகுவது அதில்தான். இசைத்தட்டின் கோட்டுக்குள் ஊசி ஓடும்போது உண்டாகும் நடுக்கத்தை, டப்பாவுக்குள் இருக்கும் மெல்லிய தகடு வாங்கிக் குரலாக்கி, புனல் மாதிரி விரிந்த ஹாரனுக்கு அனுப்பும். மின்சாரம் கிடையாது, ஒன்றும் கிடையாது. சாவி கொடுத்த சுருள்வில்லும் இந்தத் தகடும்தான். ஒரே தட்டு, டப்பாவை மாற்றினால் பாடுகிற ஆளே மாறிவிடுவார். சுவாமிநாதனின் பைத்தியம் முழுக்க இந்த இடத்தில்தான் இருந்தது.

அவரிடம் இருந்தவற்றில் அவர் மதித்தது மூன்றை. பெரிய மைக்கா தகடு போட்டதற்கு 'மாமா' என்று பெயர். நிதானம், கனம், அவசரமே கிடையாது. அலுமினியத் தகடு போட்டது 'வக்கீல்'. எதைக் கொடுத்தாலும் ஓங்கித் தெளிவாகப் பேசும், ஆனால் நம்பிக்கை வராது. மூன்றாவது, உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பழைய ஜெர்மன் டப்பா. அதில் இருந்த மைக்கா வெங்காயச் சருகு போல அவ்வளவு மெல்லிசு. பாட்டைவிட, பாட்டு பதிவான அறையில் நடந்ததையெல்லாம் அது சொல்லும். பாடகர் எச்சில் விழுங்கியது, மிருதங்கக்காரர் நாற்காலியை நகர்த்தியது, யாரோ தொண்டையைக் கனைத்தது. அதற்கு அவர் வைத்த பெயர் 'கோள்சொல்லி'.

ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியான சாப்பாட்டுக்குப் பிறகு, மெட்ரோ இயந்திரம் ஓய்ந்திருக்கும் நேரத்தில் பரீட்சை நடக்கும். சாந்தோமிலிருந்து ஜவஹர் வருவார். வடபழனியில் சினிமா ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இந்தப் பைத்தியத்தில் சுவாமிநாதனுக்கு ஒரே துணை. கைப்பேசிகள் அறைக்குள் வரக்கூடாது. வாசலில் செருப்பு ஸ்டாண்டு மேல் வைத்துவிட வேண்டும். ஒருவர் டப்பாவை மாற்றி மாற்றித் தட்டைப் போடுவார். மற்றவர் எந்த டப்பா என்று தெரியாதபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு என்ன வந்தது, எது விடுபட்டது என்று சொல்ல வேண்டும். இரண்டு கிழவர்களில் ஒருவர் எப்போதும் பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கிய பையன் மாதிரி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நீரஜா தலையில் அடித்துக்கொள்வாள்.

அந்த நீரஜாதான் முத்துலட்சுமியை வீட்டுக்குக் கூட்டி வந்ததும். தி. நகரில் பாத்திரக் கடை வைத்திருக்கும் அம்மாள். இட்லிப் பானை வாங்கப் போன இடத்தில் பேச்சு எங்கெங்கோ போய், "எங்காத்துல கிராமபோன் இருக்கு" என்று நீரஜா வாய்விட, முத்துலட்சுமி பானையைக் கீழே வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாளாம்.

வந்தவள் பையிலிருந்து எடுத்தது அரக்குப் பட்டுத் துணியில் சுற்றிய ஒரு சின்னத் தட்டு. அதைப் பார்த்ததும் சுவாமிநாதனுக்குப் புரிந்துவிட்டது. கடையில் விற்ற தட்டில்லை. அந்தக் காலத்துப் பொருட்காட்சிகளில் ஸ்டால் போட்டு, நீங்கள் பேசுவதை அங்கேயே தட்டில் கீறிக் கையில் கொடுத்துவிடுவார்கள். தகரத்தின் மேல் கறுப்பாக ஒரு மெல்லிய பூச்சு. குரல் இருப்பது அந்தப் பூச்சில்தான்.

"எங்க அக்கா சார். சந்திரிகா" என்றாள் முத்துலட்சுமி. "எனக்கு விவரம் தெரியாத வயசு. பொருட்காட்சிக்குக் கூட்டிட்டுப் போயி அப்பா இதுல பேச வச்சாராம். அந்தக் கோடையிலயே காய்ச்சல் வந்து போயிட்டா. ஒரு போட்டோ இருக்கு, மூஞ்சி தெரியும். குரல் தெரியாது. அப்பா இருந்தவரை இந்தப் பேச்சையே எடுக்க விட மாட்டார். எங்கம்மை போன மாசியில காலமாயிட்டா. அவ பீரோவுல, கலியாணச் சேலைக்கு அடியில இருந்துச்சு."

"யாருமே போட்டுக் கேட்டதில்லையா?"

"ஸ்டால்ல ஒருக்கா போட்டுக் காமிச்சானாம். ரொம்பப் போடாதீங்க, தேஞ்சிரும்னு அவனே சொன்னானாம். அம்மை அதைப் பிடிச்சுக்கிட்டா. கடைசி வரை போடவே இல்ல."

சுவாமிநாதன் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். கோடுகள் கறுகறுவென்று, யாரும் நடக்காத மணல் மாதிரி முழுசாக இருந்தன. தட்டுகளை எத்தனையோ பார்த்தவர், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

"நன்னாப் பாத்து, எந்த டப்பால போட்டா நன்னா வரும்னு முடிவு பண்ணிட்டுச் சொல்றேம்மா" என்றார். "விட்டுட்டுப் போங்கோ."

அவள் வாசல் வரை போய்த் திரும்பி வந்தாள். "சார், நான் வந்த பொறவு போடுங்க. எனக்கு முன்னால வேற யாரும் கேக்க வேண்டாம். ஒரு ஆசைதான்."

"சத்தியமா" என்றார் சுவாமிநாதன். பொய் சொல்லும் எண்ணம் அப்போது அவருக்குக் கொஞ்சமும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஜவஹர் வந்து தட்டைப் பார்த்தார். தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"சார், இது பூச்சுத் தட்டு. நம்ம ஊசிய வச்சா மண்வெட்டி வச்ச மாதிரி. சொரண்டிக்கினு பூடும்."

"தெரியும்."

"வடபழனில நம்ம ஆளு ஒருத்தன் ஸ்டூடியோ வச்சிக்கினு கீறான். எறகு கணக்கா லேசு முள்ளு. ஒரே வாட்டி போட்டு கம்ப்யூட்டர்ல ஏத்திடலாம். அப்புறம் அந்தம்மா காலம் பூரா கேட்டுக்கினே இருக்கலாம்."

நல்ல யோசனை. வேறு யார் சொல்லியிருந்தாலும், வேறு யாருடைய தட்டாக இருந்தாலும் சுவாமிநாதனே சொல்லக்கூடிய யோசனை. ஆனால் ஹாரன் வழியாக வந்தால்தான் குரலுக்கு மூச்சு இருக்கும், கம்பி வழியாக வந்தால் பிணம் பேசுகிற மாதிரி இருக்கும் என்று ஜவஹரிடமே ஆயிரம் தடவை வாதாடியவர் அவர். அந்தப் பெண்ணுக்கு அவள் அக்காவை ஒரு ஸ்பீக்கரிலா காட்டுவது? தன்னிடம் கோள்சொல்லி இருக்கும்போது?

"பாக்கலாம்" என்றார். அந்த ஒரு வார்த்தையிலேயே ஜவஹருக்கு ஆள் பிடிவாதத்தில் ஏறிவிட்டது தெரிந்தது.

மறுநாள் மத்தியானம் நீரஜா தூங்கப் போனாள். மெட்ரோ இயந்திரம் ஓய்ந்தது. எதிர் வீட்டு மாடியில் யாரோ துணி உதறினார்கள், பிறகு அதுவும் நின்றது. சுவாமிநாதன் தட்டை எடுத்தார். முழுக்கப் போடப் போவதில்லை. ஆரம்பம் மட்டும், ஓரத்தில் கொஞ்சம். எந்த டப்பா என்று தெரிய வேண்டாமா? பரீட்சை பண்ணாமல் எப்படி முடிவு பண்ணுவது? மூங்கில் ஊசி போட்டால் தட்டுக்கு அவ்வளவாக வலிக்காது. மனசு ஒரு காரியத்துக்கு இறங்கிவிட்டால் எத்தனை நியாயம் கொண்டுவந்து கொட்டும் பாருங்கள்.

முதலில் மாமாவை மாட்டினார். மூங்கில் ஊசி கோட்டில் இறங்கியது. பொரபொரவென்று கொஞ்ச நேரம். பிறகு எங்கோ போர்வைக்குள்ளிருந்து, "எம் பேரு சந்திரிகா. மூணாங் கிளாஸ் படிக்கேன்."

சுவாமிநாதனுக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனால் பழக்கம் விடுமா? அதே கணத்தில் 'சந்திரிகா'வின் 'ச' மழுங்கி வந்ததையும் குறித்துக்கொண்டார். மூங்கில் ஊசி எப்போதும் 'ச'வை முழுங்கிவிடும். அந்தப் பெண் தன் அக்காவை முதல் முதலாகக் கேட்கும்போது பெயரே மழுங்கி வரலாமா?

வக்கீலை மாட்டி, மெல்லிய இரும்பு ஊசி செருகினார். இப்போது பெயர் பளிச்சென்று வந்தது. அதோடு பொருட்காட்சிக் கூட்டத்தின் இரைச்சலும் வந்தது, "பேசும்மா, பேசும்மா" என்று ஓர் ஆண்குரலும் வந்தது. அதற்குப் பின் அந்தக் குழந்தை யாரையோ பார்த்துத் திரும்பிப் பேசுவதுபோல் குரல் ஒதுங்கிப் போனது. "ஏட்டி முத்து..." அதற்கு மேல் வக்கீல் எல்லாவற்றையும் போட்டுக் குழப்பிவிட்டான்.

அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். நிறுத்துகிறவர் சுவாமிநாதன் இல்லை. திரும்பி நின்று பேசுகிற குரலைப் பிடிக்க அவரிடம் ஒரே டப்பாதான் உண்டு.

கோள்சொல்லி சொல்லிவிட்டது.

"ஏட்டி முத்து, கிட்ட வா. நீயும் பேசு. நீ பேசலைன்னா நான் மட்டும்லா இதுக்குள்ள இருப்பேன்."

பிறகு ஒரு சின்ன மௌனம். மௌனத்தில் ஏதோ ஒன்று. மூச்சா, விசும்பலா, இல்லை அந்தச் சின்னக் குழந்தை ஏதாவது பதில் சொன்னதா? தட்டு முடிந்துவிட்டது.

முத்துலட்சுமி பதில் சொன்னாளா? நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த சுவாமிநாதனுக்கு உலகத்தில் வேறு கேள்வியே இல்லாமல் போயிற்று. மறுபடி வைத்தார். புது ஊசி போட்டு மறுபடி. சத்தம் அதிகம் தரும் கெட்டி ஊசி போட்டு மறுபடி. ஒவ்வொரு தடவையும் அந்த இடம் பிடிபடுகிற மாதிரி வந்து நழுவியது. இன்னும் கொஞ்சம் சரியாக வைத்தால் கிடைத்துவிடும் என்று தோன்றியது.

"யாருன்னா அந்தக் கொழந்தை?" என்று கதவருகே நீரஜா கேட்டபோதுதான் அவர் நிமிர்ந்தார். தூக்கம் கலைந்த முகத்தோடு நின்றிருந்தாள். "யாரையோ கூப்ட்டுண்டே இருக்கே? மனசைப் பிசையறது."

அவர் குனிந்து தட்டைப் பார்த்தார். கறுப்புக்கு நடுவில் சாம்பல் நிறமாக ஒரு வளையம். ஊசியின் மூக்கில் கறுப்புத் தூள், டப்பாவின் அடியில் தூள், தட்டைத் தாங்கும் பச்சைத் துணியில் தூள். மறுபடி ஒரு தடவை போட்டார். கோள்சொல்லியிலிருந்து வந்தது, சட்டி சுரண்டும் சத்தம். வேறு ஒன்றும் இல்லை.

அன்று அவர் சாப்பிடவில்லை. நீரஜா கேட்டுப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள். கடைசியில் விஷயம் தெரிந்ததும் அவளும் சாப்பிடவில்லை.

மறுநாள், டப்பாவுக்கு ஏதாவது ஆகியிருக்கிறதா என்று பார்க்கிற சாக்கில் தினமும் போடும் நாதஸ்வரத் தட்டை வைத்தார். நாதஸ்வரம் ஏறி ஒரு சுரத்தில் நின்றது. நின்ற இடத்துக்கு அடியில், தெளிவாக, "நீயும் பேசு" என்றது.

கிராமபோன் கையைத் தூக்கிவிட்டார். மனப்பிரமை என்று சொல்லிக்கொண்டார். அத்தனை தடவை கேட்டால் காதில் ஒட்டிக்கொள்ளாதா? வக்கீலை மாட்டி அதே தட்டைப் போட்டார். நாதஸ்வரம் மட்டும்தான். மாமாவை மாட்டினார். நாதஸ்வரம் மட்டும்தான். நிம்மதியாக மூச்சு விட்டுக் கோள்சொல்லியை மாட்டினார். "நீ பேசலைன்னா நான் மட்டும்லா இதுக்குள்ள இருப்பேன்."

டப்பாவைப் பிரித்தார். ரப்பர் வளையங்களை மாற்றினார். மைக்காவை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தார். பஞ்சில் கறுப்பு ஏறியது. அதைக் குப்பையில் போட மனம் வராமல் ஒரு குங்குமச் சிமிழில் போட்டு மூடினார். திரும்ப மாட்டினார். நாடகத் தட்டு போட்டார், ஹாஸ்யத் தட்டு போட்டார். நடிகர்கள் மூச்சு வாங்குகிற இடைவெளியில் எல்லாம் அவள் இருந்தாள். அழவில்லை, பயமுறுத்தவும் இல்லை. பக்கத்தில் நிற்கும் தங்கையைக் கூப்பிடுகிற சாதாரணக் குரல்தான். அதுதான் அவரால் தாங்க முடியவில்லை. சொல்லி முடித்ததும் பதிலுக்குக் காத்திருக்கிற மாதிரி ஒரு சின்ன மௌனம் வரும் பாருங்கள், அப்போது இந்தக் கிழவருக்கு ஓடிப் போய் யாரையாவது கூட்டி வர வேண்டும்போல் இருக்கும்.

நீரஜாவைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னார். அவளுக்கு நாதஸ்வரம்தான் கேட்டது. ஜவஹரை வரவழைத்துச் சுவரைப் பார்த்து உட்கார வைத்தார்.

"நாயனம் கேக்குது. தவுலு கேக்குது. வேற இன்னா கேக்கணும்?" என்று திரும்பிய ஜவஹரின் கண்ணில் மேஜை மேலிருந்த பூச்சுத் தட்டு பட்டது. எழுந்து வந்து பார்த்தார். அவர் முகம் சுருங்கியது. "இன்னா சார் நீ... படிச்சிப் படிச்சி சொன்னேனே."

"ஒரு இடம் சரியா கேக்கலை ஜவஹர்."

"அதுக்கு?" என்றார் ஜவஹர். சுவாமிநாதன் தட்டை எடுத்துத் துணியில் சுற்றினார். ஜவஹரே இரங்கி வந்தார். "சரி வுடு. அந்தம்மா கேட்டா, பழைய தட்டு, உள்ளயே பூத்துப் போயி கெட்டுக் கீதுன்னு சொல்லிடு. பீரோல அம்மாங் காலம் இருந்தது தானே? நம்பிடும். அதுக்கும் மனசு ஆறிப் பூடும், உனக்கும் அசிங்கம் இல்ல."

சுவாமிநாதன் தலையை ஆட்டினார். கோழைத்தனம் என்று தெரிந்தேதான் ஆட்டினார். பத்துப் பேர் முன்னால் தலை நிமிர்ந்து நடந்தவருக்கு, ஒரு பெண்பிள்ளையிடம் 'உன் அக்காவை நான் தின்றுவிட்டேன்' என்று சொல்ல எங்கிருந்து வாய் வரும்?

வெள்ளிக்கிழமை முத்துலட்சுமி வந்தாள். யாரையோ பார்க்கப் போகிறவள்போல் நல்ல பட்டுப் புடவை, தலையில் பூ. கையில் ஒரு டப்பா நிறைய முந்திரிக்கொத்து. "அக்காவுக்கு ரொம்ப இஷ்டமாம். அம்மை சொல்லுவா" என்று நீரஜாவிடம் கொடுத்தாள். நீரஜா அதை வாங்கிக்கொண்டு, அங்கே நிற்க முடியாமல் உள்ளே போய்விட்டாள்.

முத்துலட்சுமி ஹாரனுக்கு நேரே உட்கார்ந்து புடவைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டாள். "எந்த டப்பா சார்? முடிவு பண்ணிட்டீங்களா?"

அவர் கோள்சொல்லியைக் காட்டினார். அதையே மாட்டினார். ஒருவேளை இவளுக்குக் கேட்கும், கூப்பிடுவது இவளைத்தானே என்று ஒரு நப்பாசை. இப்போது மூங்கில் ஊசியாகத் தேடி எடுத்துச் செருகினார். தேய்ந்த தட்டில் ஊசி இறங்கியது.

"ஏட்டி முத்து, கிட்ட வா" என்றது ஹாரன். சுவாமிநாதன் அவள் முகத்தையே பார்த்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டு, உடம்பை முன்னால் சாய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். தட்டு முடிந்தது. கண்ணைத் திறந்தாள்.

"இரைச்சலால்லா இருக்கு? பேச்சு ஒண்ணும் வரலியே." கொஞ்சம் தயங்கினாள். அவரைச் சமாதானப்படுத்துவதுபோலவே சொன்னாள். "எம்புட்டுப் பழசு... உள்ளயே கெட்டுப் போயிருக்கும், இல்ல சார்?"

பொய்யை அவளே எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டாள். தலையை ஆட்டினால் போதும். பாட்டு இல்லாமல், தட்டு சுற்றாமல், சும்மா நின்றிருந்த ஹாரனின் வாயிலிருந்து அப்போது ஒரு குழந்தை மூச்சை உள்ளிழுப்பது அவருக்குக் கேட்டது.

"கெட்டுப் போகலைம்மா" என்றார். "நான் தேச்சுட்டேன். உங்களுக்கு நன்னா வரணும்னு ஆரம்பிச்சேன். அப்புறம் எனக்குக் கேக்கணும்னு போட்டேன். போட்டுப் போட்டு, போயிடுத்து."

முத்துலட்சுமிக்கு முதலில் புரியவில்லை. எழுந்து தட்டைப் பார்த்தாள். அந்தச் சாம்பல் வளையத்தின் மேல் விரலை வைத்தாள். பிறகு புரிந்தது.

"எங்கம்மை அறுவது வருசம் தொடாம வச்சிருந்தா சார்" என்றாள். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவருக்குத் தேவலாம்போல் இருந்தது. "ஆசை இல்லாமலா? சித்திரை பொறந்தா பீரோவத் தொறந்து, சேலைக்கு மேலயே தடவிப் பாத்துட்டு மூடிருவா. பெத்தவ பொறுத்தா. உங்களுக்குப் பொறுக்கல. நீங்க யாரு சார் அவளுக்கு?"

சுவாமிநாதன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவள் அழுதாள், முகத்தைத் துடைத்தாள், பையை எடுத்தாள், வாசல் வரை போனாள். அங்கே நின்றாள்.

"நீங்க கேட்டீங்கள்லா?"

"கேட்டேன்."

"பேசுனாளா?"

"பேசினா. உங்களைத்தான் கூப்ட்டா. நீயும் பேசு, நீ பேசலைன்னா நான் மட்டும்தான் இதுக்குள்ள இருப்பேன்னு..."

"அப்படிச் சொல்ல மாட்டா" என்று வெடுக்கென்று வந்தது. "எங்க வீட்டுல அப்படிப் பேச மாட்டோம். அவ எப்படிச் சொன்னாளோ அப்படிச் சொல்லுங்க."

அவர் சாவி கொடுத்தார். தேய்ந்த தட்டில் ஊசியை வைத்து, ஹாரனுக்குள் தலையை நுழைக்காத குறையாகக் குனிந்தார். சந்திரிகா பேசினாள். அவள் பின்னாலேயே, அவள் ஏறின இடத்தில் ஏறி, இறங்கின இடத்தில் இறங்கி, இவரும் சொன்னார். "ஏட்டி முத்து, கிட்ட வா. நீயும் பேசு. நீ பேசலைன்னா நான் மட்டும்லா இதுக்குள்ள இருப்பேன்." மயிலாப்பூர்த் தொண்டையில் 'ஏட்டி' என்று அந்தக் கிழவர் கூப்பிட்டதை வேறு ஒரு நாளில் கேட்டிருந்தால் நீரஜா விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இப்போது சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

முத்துலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். கையை எடுத்தபோது, "நான்? நான் ஏதும் சொன்னேனா அப்ப?" என்றாள்.

"தெரியலைம்மா. அதைக் கேக்கத்தான் திரும்பத் திரும்பப் போட்டேன். அந்த இடம்தான் முதல்ல தேஞ்சுது."

அவள் மெல்ல வந்து ஹாரனுக்கு முன்னால், நாற்காலியில் இல்லை, தரையில் உட்கார்ந்தாள். தலைமுடி நரைத்த பெண்மணி, கடையில் பத்து ஆட்களை அதட்டி வேலை வாங்குகிறவள், அந்தப் பித்தளை வாய்க்குள் குனிந்து, "பேசுதேன்க்கா" என்றாள். "நான் இங்கனதாம்க்கா இருக்கேன். நான் பேசுதேன்."

ஊசி தட்டின் நடுவில் போய்ச் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண்ணெல்லாம் நனைந்து, முகத்தில் ஒரு புது ஆவல். "இன்னொருக்கா சொல்லுங்க சார்."

சொன்னார். இந்தத் தடவை குழந்தையின் குரலோடு வேறு ஒரு குரலும் சேர்ந்து அவர் காதில் விழுந்தது. பாங்கில் முப்பது வருஷம் டோக்கன் கூப்பிட்ட அவருடைய சொந்தக் குரல். எது அவள், எது தான் என்று ஒரு இடத்தில் பிரிக்க முடியவில்லை. 'மட்டும்லா' என்பதில் அவள் போட்ட அந்தச் சின்னக் குலுக்கல் பாதிதான் வந்தது. அவர் சட்டென்று கையைத் தூக்கி ஊசியை எடுத்தார்.

"இன்னொருக்கா" என்றாள் முத்துலட்சுமி.

"வேண்டாம்மா. சொல்லச் சொல்லக் குறையறது. எனக்குக் கேக்கறதே குறையறது. இப்படியே சொல்லிண்டிருந்தா இதுவும் தேஞ்சு போயிடும். ஒரு மாசம், ரெண்டு மாசம் கழிச்சு வாங்கோ. பத்திரமா வச்சிருக்கேன்."

அவள் தரையிலிருந்தபடியே அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மையும் பத்திரமாத்தான் வச்சிருந்தா" என்றாள். "ஒரு தடவைகூட கேக்காமப் போய்ச் சேந்தா. நீங்க உங்க இஷ்டத்துக்குப் போட்டுக் கேட்டீங்க. மிச்சம் இருக்கிறது என்னுது. தேஞ்சாத் தேயட்டும் சார். சொல்லுங்க."

சுவாமிநாதன் சாவியைத் திருகினார். ஊசியை வைத்தார். காதைக் குவித்துக்கொண்டு, கேட்ட வரைக்கும் சொல்ல ஆரம்பித்தார்.